அவர் பக்கம் சாய்ந்த கோடுகள்

மை அக்காவோடு நான் கடைசியாகப் பேசியது போனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

"என்ன சாப்பிட்டே?"

"இருந்ததை."

"அப்ப சாப்பிடல."

மகள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. இங்க எல்லாம் தானா நடக்குது. கிட்ட போனா விளக்கு தானா எரியுது, கதவு தானாத் தொறக்குது. நான் ஒருத்திதான் யாராவது கூப்பிட்டா எந்திரிக்கறேன்" என்றார்.

பிறகு நெட்டையை விசாரித்தார். நெட்டை எங்கள் ஆய்வகத்தில் என்னோடு ஆராய்ச்சி செய்பவன். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்ப எந்திரிச்சு நிக்க வேண்டாம்னு சொல்லு. உட்கார்ந்தே வணக்கம் சொல்லட்டும். முகூர்த்தம் குறிச்ச பிறகு நிக்கலாம்."

அதன் பின் வேலைக்கு வந்தார். திரவத்தை இப்போது யார் தயாரிக்கிறார்கள், புதுப் பெண் கழுவும்போது அவசரப்படுகிறாளா, விரலில் கறை ஒட்டுகிறதா. அவள் கையுறை போட்டுக்கொள்கிறாள் என்றேன். "அப்ப ஒட்டாது" என்றார், அதில் ஏதோ குறை இருப்பதுபோல.

"அந்தப் பழைய காயில் எப்படி இருக்கு?"

"அங்கேயேதான்கா இருக்கு. நேத்துகூட ஓடுச்சு."

"சூடாகுதா?"

"இல்லக்கா."

அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, எல்லா முறையும் கேட்பதுபோலவே கேட்டார்.

"இன்னும் வளையுதா?"

"வளையுதுக்கா."

"எந்தப் பக்கம்?"

"அவர் பக்கம்."

"நல்ல பிள்ளை" என்றார். "துணியைப் போடு. வெயில் போயிடும்."

துணி உலர்த்துவதாக நான் சொல்லியிருக்கவில்லை. கிளிப்புகளின் சத்தம் கேட்டிருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே அவருடைய மகள் அழைத்து, அம்மா தூக்கத்தில் போய்விட்டாள் என்று சொன்னாள். அதனால்தான் இப்போது இதை எழுத முடிகிறது.

மை அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவர். எங்கள் ஆய்வகத்துக்குக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவ வந்து, கழுவிய பாத்திரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பழகி, பின்னால் திரவம் தயாரிப்பதே அவர் பொறுப்பானது. கறுப்பாகக் குழம்பிக் கிடக்கும் அதைத் தொட்டால் மைபோல விரலில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய வலது கைக் கட்டைவிரலில் அந்தக் கறை போனதே இல்லை. "எனக்கு மட்டும் வருஷம் முழுக்க எலெக்‌ஷன்" என்பார்.

அந்தத் திரவத்தில் இருப்பவை இரும்பு ஆக்சைடு உருண்டைகள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியவை. நீர் சேர்த்தால் பால் விடாத தேநீரின் நிறம். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அலையும். அருகில் ஒரு காந்தப் புலம் வந்ததும் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தமாகி, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சங்கிலிகளாகும். எல்லாச் சங்கிலிகளும் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் நிற்கும். அந்த ஒழுங்கினாலேயே பழுப்பு பச்சையாக மாறும். புலத்தை எடுத்தால் கண் சிமிட்டும் நேரத்தில் எல்லாம் கலைந்து மறுபடி தேநீர்.

கலையாமல் நிறுத்துவதுதான் எங்கள் வேலை. திரவத்தோடு உறைந்து ஜெல்லாகும் ஒரு பொருளைச் சேர்த்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி, செம்புக் கம்பி சுற்றிய காயிலுக்குள் வைத்து மின்சாரம் விடுவோம். சங்கிலிகள் அணிவகுத்ததும் புற ஊதா விளக்கைக் காட்டுவோம். அது அப்படியே உறைந்துவிடும். இப்படிச் செய்த தாளைப் பாலத்தில் ஒட்டி வைத்தால், விரிசல் விடுவதற்கு முன்பே நிறம் மாறிக் காட்டும் என்பது பேராசிரியரின் கனவு. அதற்குக் கோடுகள் அடிக்கோலால் இழுத்ததுபோல நேராக இருக்க வேண்டும்.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் பார்வையிட வருகிறார்கள் என்று சுவரில் இருந்த ஆங்கில விளக்கங்களைத் தமிழில் எழுதச் சொன்னார் பேராசிரியர். 'தாமாகக் கூடும் துகள்கள்' என்று எழுதி ஒட்டினேன். மை அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து படித்தார்.

"தானாவா கூடுது?"

"ஆமாக்கா. நாம ஒவ்வொண்ணா அடுக்கறதில்லையே."

"அடுக்கல, சரி. கூப்பிடறோமே. காந்தம் கூப்பிடுது, அதுங்க வருது. தானா யாரு வருவா?"

"அப்ப கூப்பிட்டதும் கூடும் துகள்கள்னு எழுதட்டுமா?"

"எழுதினா உங்க சார் திட்டுவார். இப்படியே இருக்கட்டும்." போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கூப்பிடறவங்க போயிட்டா கலைஞ்சுடும்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லாதே. சின்னப் பிள்ளைங்க."

அப்போது அவர் கணவர் உயிரோடு இருந்தார். எங்கள் கட்டடத்தின் பட்டறையில் ஃபிட்டர். எல்லோருக்கும் பட்டறை மாமா. காயிலைச் சுற்றியவர் அவர்தான். பட்டறை மேசை போதாமல் வீட்டுக்கு எடுத்துப்போய், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே சட்டத்தைப் பொருத்தி, அக்கா சுழற்ற, அவர் செம்புக் கம்பியை விரலால் ஒட்டி ஒட்டிப் படுக்க வைத்தாராம். ஒரு வரிசை முடியும்வரை யாரும் பேசக் கூடாது என்பது மாமாவின் சட்டம்.

"அன்னைக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை" என்று அக்கா சொல்லியிருக்கிறார். "பேசாம இருக்க ஒரு சாக்கு கெடச்சுது ரெண்டு பேருக்கும். சுத்தி முடிச்சுப் பார்த்தா எதுக்குச் சண்டைன்னே மறந்துபோச்சு. அந்தச் சண்டை இன்னும் அதுக்குள்ளதான் கிடக்கு."

சோதனை தொடங்கும் முன் மாமா வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "இரும்பெல்லாம் வெளிய." சாவிகள், கைக்கடிகாரங்கள், போன்கள், பெண்களின் தலைப் பின்கள், நெட்டையின் பெல்ட் எல்லாம் கதவோரம் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் கோடுகள் கெட்டுவிடும். அவரவர் இரும்பை அவரவர் எடுப்பதுதான் முறை. பெல்ட்டைக் கழற்றிய நெட்டை ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடியே வேலை செய்வான். "அறிவியலுக்காக நான் இழந்தது" என்று தொடங்குவான். "அதோட நிறுத்திக்க" என்பார் அக்கா.

எல்லோரும் தட்டில் போட்டு முடித்ததும் மாமா தாழ்வாரத்துக்குப் போய்விட்டுத் திரும்புவார். சோதனை முடிந்ததும் இன்னொரு முறை போய் வருவார். புகை பிடிக்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அக்காவின் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, அக்கா தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். இரண்டு பேருந்துகளை விட்டார். எழுப்ப மனம் வரவில்லை. மூன்றாவது பேருந்தின் நடத்துநர்தான் இறங்கி வந்து பார்த்தார்.

அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். "கனமா இருந்துச்சு. நல்லா தூங்கறார்னு நினைச்சேன்" என்றார்.

காரியங்கள் முடிந்து அக்கா வேலைக்கு வந்த வாரத்தில் முதல் தகடு வளைந்தது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கோடுகள் பாதி தூரம் நேராக வந்து, அதன் பின் எல்லாம் ஒன்றாக இடது ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. காற்றில் புல் சாய்வதுபோல. அடுத்த தகடும் அப்படி. அதற்கு அடுத்ததும். திரவத்தைப் புதிதாகத் தயாரித்தோம். விளக்கை மாற்றினோம். மாமா இல்லாததால் நெட்டை வாசலில் நின்று "இரும்பெல்லாம் வெளிய" என்று கத்தினான். எல்லோரும் எல்லாவற்றையும் தட்டில் போட்டோம். கோடுகள் இடது பக்கமே சாய்ந்தன.

இடது பக்கம் மாமாவின் ஸ்டூல் இருந்தது. சோதனை ஓடும்போது அதில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு அதை யாரும் நகர்த்தவில்லை. அதில் யாரும் உட்காரவும் இல்லை.

ஒரு தகட்டைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது நெட்டை விளையாட்டாகச் சொன்னான்: "மாமாதான் இழுக்கறார். சம்பளம் போடறதை நிறுத்திட்டாங்கன்னு கோபம்."

பின்னால் அக்கா நிற்பதை அவன் பார்க்கவில்லை. அவன் முகம் செத்துவிட்டது. அக்கா திரையை நெருங்கி, சாய்ந்த கோடுகளின் மேல் கறை படிந்த விரலை வைத்து, அவை போகும் வழியிலேயே மெல்ல ஓட்டினார். விரல் திரையின் விளிம்பைத் தாண்டி, காற்றில் இறங்கி, ஸ்டூல் இருக்கும் பக்கம் போய் நின்றது.

"கோபம்லாம் இல்ல" என்றார் நெட்டையிடம். "அவருக்குக் கோபம் வந்தா எனக்குத் தெரியும்."

அதன் பிறகு நான் அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் நான்தான் முதலில் வருவேன் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் இன்னும் சீக்கிரம் வந்தபோது அவர் விளக்குப் போடாமல், ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டிருந்தார். கையில் திரவம் நிறைந்த சின்னப் புட்டி. அதை மேசைக்கு அடியில், மேசைக் காலோரமாகப் பிடித்திருந்தார். ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் புட்டியின் பழுப்பில் ஒரு பக்கம் மட்டும் பச்சை ஏறியது. இலை துளிர்ப்பதுபோல ஒரு பச்சை.

"ம். இருக்கீங்க" என்றார் அக்கா.

நான் வந்த சத்தம் தெரியாமல் பின்வாங்கி, தாழ்வாரத்தின் கோடிவரை போய், செருப்புச் சத்தம் கேட்கும்படி திரும்பி வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க என்னால் அந்த ஸ்டூலைத் தாண்டிப் போக முடியவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

பேராசிரியர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மீட்டரோடு வந்து காயிலுக்குள் அளந்தார். நடுவில் சரியாக இருந்தது. இடது ஓரத்தில் புலம் கூடுதலாக இருந்தது. காயில் மேசையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்ததால் அதைத் திருப்பிப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

"சுத்து தளர்ந்திருக்கு" என்றார். "ஒரு பக்கம் கம்பி நகர்ந்துடுச்சு."

"அவர் சுத்தினது தளராது சார்" என்றார் அக்கா.

"மனுஷன் கையால சுத்தினதும்மா. தளரத்தான் செய்யும். அவரைக் குறை சொல்லல."

மெஷினில் சுற்றிய புதிய காயிலுக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பழைய சாமான்களை ஏற்ற லாரி வருகிறது. உடைந்த நாற்காலிகளோடு இதுவும் போகட்டும் என்றார். அதற்குள் வளைவுக்கு வேறு காரணம் கிடைத்தால் பார்க்கலாம் என்று, ஏதோ கருணை காட்டுவதுபோல, சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் அக்கா யாருடனும் பேசவில்லை. பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கலக்க மறந்து நின்றார். காயிலைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மேல் கை வைத்துவிட்டுப் போனார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வெள்ளிக்கிழமை பிற்பகல் காயிலின் மின்கம்பிகளைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. சோதனை எதுவும் இல்லாத நாள். அதனால் யாரும் எதையும் தட்டில் போடவில்லை. நான் குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்தேன். பிளக் இடது கோடியில், ஸ்டூலுக்குப் பின்னால் இருந்தது. அதை நோக்கிக் கையை நீட்டியபோது யாரோ என் தலைமுடியைப் பிடித்தார்கள்.

வலிக்கவில்லை. காதுக்கு மேலே, இரண்டு விரலால் மெல்லப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. தலையைத் திருப்பினேன். விட்டுவிட்டது. மறுபடி நகர்ந்தேன். மறுபடி பிடித்தது. அங்கே யாரும் இல்லை. கையை மேலே கொண்டுபோனபோது காதோரம் செருகியிருந்த தலைப் பின் கழன்று, டக்கென்று போய் எதிலோ ஒட்டிக்கொண்டது.

மேசையின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில், உட்புறமாக, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி முள்ளுபோலச் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், இப்போது என் பின். வேலை செய்யும்போது ஸ்க்ரூக்கள் தொலைந்துபோகாமல் இருக்க மாமா வைத்திருந்தது. சோதனைக்கு முன் அவர் தாழ்வாரத்துக்கு எடுத்துப்போனது இதைத்தான். முடிந்ததும் பழையபடி கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். கடைசி நாளும் ஒட்டிவிட்டுத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு அவரவர் இரும்பை அவரவர் எடுத்தோம். அவருடையதை எடுக்க அவர் இல்லை. சோதனை நாட்களில் எங்கள் உடம்பில் ஒரு குண்டூசிகூட இல்லாததால், அது எங்களில் யாரையும் தொடவும் இல்லை.

வெளியே வந்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தார். என் முடி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்தார்.

"பிடிச்சுதா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"என்னையும் பிடிச்சுது. காரியம் முடிஞ்சு வேலைக்கு வந்த மொத நாளு, அங்க பெருக்கும்போது. தலைப் பின்னைத்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அவர் பொண்டாட்டி நான், அவர் காந்தம் எங்க இருக்கும்னு தெரியாதா."

"ஏங்கா சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவாங்க."

"சொல்லாட்டி காயில் நாளைக்கு லாரில போயிடும். புதுசு வந்தாலும் வளையத்தான் வளையும். அப்பத் தேடுவாங்க, கண்டுபிடிப்பாங்க. ரெண்டும் போயிடும்."

"தெரியும்." அக்கா ஸ்டூலைப் பார்த்தார். அதில் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. "வீட்டுல அவர் செருப்பை நான் எடுத்து வச்சுட்டேன். சட்டையைத் துவைச்சுட்டேன். கண்ணாடியை மடிச்சு வச்சுட்டேன். எல்லாம் நான் எடுத்து வச்சது. அவர் வச்சது வச்சபடியே இருக்கறது இது ஒண்ணுதான். காயில் நாங்க ரெண்டு பேரும் சுத்தினது. எதை விடறதுன்னு ஒரு வாரமா பார்க்கறேன்."

அக்கா அன்று சீக்கிரமே கிளம்பினார். அவர் ஏறிய பேருந்து போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த பிறகு நான் மேசைக்கு அடியில் போய் இரு கையாலும் காந்தத்தைப் பிடுங்கினேன். சட்டம் அதை லேசில் விடவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. மாமா எங்கே வைப்பார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்ததுமே காந்தம் என் கையைவிட்டுப் பாய்ந்து உட்சுவரில் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வட்டமாகத் தேய்ந்திருந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நான் இன்னொன்றையும் சொன்னேன். அதற்குச் சரி என்று தலையசைத்தார். காயில் லாரியில் ஏறவில்லை. திங்கட்கிழமைத் தகட்டில் கோடுகள் அடிக்கோலால் இழுத்ததுபோல இருந்தன. அக்கா திரவத்தோடு உள்ளே வரும்போதெல்லாம் பேராசிரியர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். நெட்டைகூட அதைப் பற்றி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அக்காவும் அதற்குப் பிறகு திரைப் பக்கம் வரவில்லை, புட்டியோடு மண்டியிடவும் இல்லை. ஓய்வு பெறும் நாள்வரை திரவத்தைக் கொடுத்துவிட்டு, காயிலின் மேல் கை வைத்துவிட்டுப் போவார். அவ்வப்போது என்னிடம் மட்டும் கேட்பார். மகள் வீட்டுக்குப் போன பிறகு போனில் கேட்டார்.

சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. இப்போதும் ஒரு நல்ல தகட்டைப் பார்க்கும்போது இடது ஓரத்தில் கண் கொஞ்சம் தயங்கும். மறுபடி பார்ப்பேன். நேராகத்தான் இருக்கும். மேசைக்கு அடியில் போக வேண்டியிருந்தால் இன்றும் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்ட பின், அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கறை படிந்த கட்டைவிரலால் என் அவிழ்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"நீயே எடுத்துடும்மா. நான் பஸ் ஏறின பிறகு எடு. எப்ப எடுத்தேன்னு எங்கிட்ட சொல்லாதே, எங்க வச்சேன்னும் சொல்லாதே. யாரும் சொல்லாம பார்த்துக்க. நான் எப்பவாவது கேப்பேன். கேக்காம இருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அப்ப, இன்னும் வளையுதுன்னு சொல்லு."